எதிர் வீட்டு வெயில்

பெரியப்பா வேலை பார்த்த காலம் முழுவதும் லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களின் நடுவே கிணறு போல இறங்கும் இருட்டுக்குள், தலையில் விளக்கு கட்டிக்கொண்டு கம்பி வடங்களுக்கு கிரீஸ் தடவியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கெல்லாம் யாராவது லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்க" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அதோடு பேச்சு முடியும்.

ஓய்வு பெற்றதும் அவர் முதலில் வாங்கியது ஒரு கோல்டன் டுரான்டா செடி. அதைப் பூவுக்காக யாரும் வளர்ப்பதில்லை, இலைக்காகத்தான். தளிரெல்லாம் எலுமிச்சை மஞ்சளாக மின்னும். வாசற்படிக்குப் பக்கத்தில் நட்டார். பல வருடம் ஊர் சுற்றிவிட்டு நான் அவருடைய பின்னறையில் வந்து தங்கியபோது, என்னை நலம் விசாரிப்பதற்கு முன் அதைத்தான் காட்டினார்.

அதற்குள் பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. வாசலுக்கு வெயில் இல்லை. மஞ்சள் இலைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. உரம் வைத்தார், மண்ணைக் கிளறினார். செடி மசியவில்லை. ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு நர்சரிக்காரரிடம் போனோம்.

"செடிக்கு ஒண்ணும் இல்லைங்க. முழு வெயில் இருந்தாத்தான் மஞ்சள். நிழல்ல பச்சையாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன்: "தொட்டியில மாத்தி மொட்டைமாடியில வச்சிடலாம் பெரியப்பா. நான் தூக்கிட்டுப் போறேன்."

"என் முட்டி மாடி ஏறுமா? நீ இன்னும் எத்தனை நாளைக்கு இங்க இருக்கப் போற?"

கையிலிருந்த இலையைத் திருப்பிப் பார்த்தேன். "பச்சையாவே இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

"பச்சைதான் ஊர் முழுக்க இருக்கே."

தெருவில் நாள் முழுக்க வெயில் விழுவது எதிர் வீட்டு வாசலில் மட்டும். அங்கே ஒரு தையல்காரம்மா இருக்கிறார். இத்தனை வருடத்தில் இருவருக்கும் தலையசைப்போடு சரி. போய்க் கேட்கத் தைரியத்தைத் திரட்டிக்கொள்ளவே பெரியப்பாவுக்கு ஒரு வாரம் பிடித்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

"உங்க வாசல்ல என் செடியை வச்சுக்கலாமாம்மா?"

"செடிக்கு வாடகை தருவீங்களா லிஃப்ட் சார்?" தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டவர், பெரியப்பாவின் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு, "அட, சும்மா சொன்னேன். ஜன்னல் ஓரமா வைங்க. ஊசி கோத்துக் கோத்து எரியுற கண்ணுக்கு இதமா இருக்கும்" என்றார்.

வேர்மண் உதிராமல் தோண்டி, சாக்கில் சுற்றி, இருவருமாகத் தெருவைக் கடந்தோம். முதலில் இலையெல்லாம் கொட்டியது. பெரியப்பா காலையிலும் மாலையிலும் வாளியோடு போய்வந்தார். சில நாள் மிஷின் சத்தம் நின்று இரண்டு குரல்கள் கேட்கும். மெல்ல மஞ்சள் தளிர் விட்டது.

அதைப் பார்த்த அன்றே தையல்காரம்மா, "இனிமே நானே தண்ணி ஊத்திக்கிறேன் சார். இந்த முட்டியோட எதுக்கு அலையிறீங்க?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"சரிம்மா" என்று திரும்பிய பெரியப்பா, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் கேட்டேன்: "அப்பப்போ நுனியை வெட்டி விட்டாத்தானே புதுத் தளிர் வரும்? அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொல்லலை."

"ஏன்?"

"வெட்டி விடறதுக்காவது நான் போகணும்ல?"

சாயங்காலமானால் இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார். செடி வெட்டும் கத்தரிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தாயிற்று. எதிரே செடி இன்னும் நுனி நீளாமல் கச்சிதமாக, வெட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கிறது.