கீழ்த்தட்டு எலிகளுக்குக் காய்ச்சல் வரவில்லை

ஜொகூர் பாருவுக்கு வடக்கே, கூலாய் நகருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் முடிந்து தொழிற்பேட்டை தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய புற்றுநோய் ஆய்வுக்கூடம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அதன் கதவை முதலில் திறப்பவர் புஷ்பவள்ளி. ஐம்பத்து மூன்று வயது. எலி அறை முழுவதும் அவர் பொறுப்பு. நானூறு எலிகளுக்குக் கூண்டு மாற்ற வேண்டும், மரத்தூள் பரப்ப வேண்டும், தண்ணீர்ப் புட்டிகளை நிரப்ப வேண்டும். எந்த எலி நலமாக இருக்கிறது, எது சுணங்கிக் கிடக்கிறது என்று தினமும் பார்த்து எழுதிவைக்க வேண்டும்.

செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்த கையோடு செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். இருபத்தெட்டு வருடம் பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்கியூட் பலகைகளில் குறை தேடினார். அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மாறியபோது வேலை போயிற்று. பிறகுதான் இந்த ஆய்வுக்கூடத்துக்கு விண்ணப்பித்தார்.

நேர்முகத்தில் தலைவர் டாக்டர் ரூபேந்திரன், "எலியப் பிடிக்கப் பயமா இருக்குமா?" என்று கேட்டார்.

"பழகிக்குவேன் டாக்டர். ஆனா ஆயிரம் பலகைல ஒன்னு மட்டும் மாறியிருந்தா எனக்குத் தெரிஞ்சிரும். எலிக்கும் அது உதவும்னு நினைக்கிறேன்" என்றார் புஷ்பவள்ளி. அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அவர் சேர்ந்த ஏழாவது வருடத்தில் டாக்டர் இக்ரா வந்து சேர்ந்தார். ஜொகூர் பாருவில் உணவகம் நடத்தும் குடும்பத்துப் பெண். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். காய்ச்சல் அளவுக்கு உடம்பைச் சூடாக்கினால் புற்றுநோயை எதிர்க்கும் சக்தி கூடுமா என்பதுதான் அவருடைய ஆய்வு. வந்த முதல் வாரமே எலி அறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து புஷ்பவள்ளிக்கு விளக்கினார்.

"உடம்பு சூடானா செல்லுங்க தடுமாறும்க்கா. அப்ப தன்னக் காப்பாத்திக்க ஒரு வகை புரதத்த நிறைய உண்டாக்கும். அழுத்தப் புரதம்னு வச்சுக்கலாம். கட்டிக்குள்ள இருக்கற செல் சாகும்போது இந்தப் புரதம் சும்மா வெளிய வராது. கட்டியோட துண்டு ஒன்னையும் ஒட்டிக்கிட்டு வரும். காவல் காக்கற செல்லுங்க அதப் பாத்துட்டு, ஓ, எதிரி இப்படித்தான் இருப்பான்னு தெரிஞ்சுக்கும். சூடு அந்தக் காவல் செல்லுங்களையும் சுறுசுறுப்பாக்கும்."

"அப்ப அந்தப் புரதம் திருடனோட போட்டோவ எடுத்துட்டு வருது" என்றார் புஷ்பவள்ளி.

இக்ரா சிரித்தார். "இத நான் கடன் வாங்கிக்கறேன்க்கா."

முதல் சோதனை ஆறு மணி நேரம் நடந்தது. கட்டி வளர்ந்துகொண்டிருந்த பன்னிரண்டு எலிகளை, கூண்டுக்கு மூன்றாக, சூட்டுப் பெட்டிக்குள் வைத்தார்கள். மேல்தட்டில் இரண்டு கூண்டு, கீழ்த்தட்டில் இரண்டு. சாதாரணமாக முப்பத்தேழு டிகிரியை ஒட்டி இருக்கும் எலியின் உடம்பு முப்பத்தொன்பதரைக்கு ஏற வேண்டும். வேறு பன்னிரண்டு எலிகளைச் சூடாக்காமல் விட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சியது. சூடு வாங்கிய எலிகளில் ஆறுக்குக் கட்டி மெதுவாக வளர்ந்திருந்தது. மற்ற ஆறுக்கு, சூடே காணாத எலிகளுக்கு வளர்ந்தது போலவே வேகமாக வளர்ந்திருந்தது.

வாரக் கூட்டத்தில் ரூபேந்திரன் கணினியை மூடினார். "பாதி வேலை செய்யுது, பாதி செய்யலன்னா அது தற்செயல்தான் இக்ரா. இதுக்கு மேல பெட்டிய உங்களுக்கு ஒதுக்க முடியாது. அடுத்த குழு காத்திருக்காங்க."

இக்ரா தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்துக்குத் தண்ணீர் புட்டிகள் கொண்டுவந்த புஷ்பவள்ளி கதவருகே நின்றிருந்தார். ஏழு வருடத்தில் அந்தக் கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

"டாக்டர், ஒன்னு சொல்லலாமா?"

எல்லாரும் திரும்பினார்கள்.

"கட்டி வேகமா வளந்த அந்த ஆறு எலியும் கீழ்த்தட்டுல இருந்ததுங்க. அதுங்களுக்குக் காய்ச்சலே வரல."

ரூபேந்திரனின் முகம் இறுகியது. "பெட்டி ஸ்கிரீன்ல ஆறு மணி நேரமும் சூடு சரியாத்தானே காட்டுச்சு?"

"மேல்தட்டுல இருக்கற சென்சார் சொல்றதத்தான் ஸ்கிரீன் காட்டும் டாக்டர். எலி கீழ இருந்துச்சே. மேல்தட்டு எலிங்க வாலு செவந்து, தனித்தனியா வயித்த தரையில பரப்பிப் படுத்திருந்துச்சுங்க. கீழ்த்தட்டு எலிங்க தூளுக்குள்ள ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சுங்க. குளிர்ற எலிக்குத்தான் அப்படி படுக்கத் தோணும்."

தன் தினக்குறிப்பை எடுத்து வந்து நீட்டினார். சோதனை நாளன்று, எந்த எலி எந்தத் தட்டில் என்ற விவரத்தோடு, அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'கீழ் இரண்டு கூண்டிலும் எலிகள் ஒண்டிப் படுத்துள்ளன.' எந்த எலி எங்கே இருந்தது என்பதை வேறு யாரும் குறித்து வைக்கவில்லை.

ரூபேந்திரன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து சூட்டுப் பெட்டி இருந்த அறைக்கு நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். பெட்டியை ஓடவிட்டு, தட்டுக்கு ஒரு வெப்பமானியை வைத்தார்கள். மேலே முப்பத்தெட்டரை. கீழே இருபத்தெட்டு. கதவின் அடியில் ரப்பர் விளிம்பு விலகியிருந்தது. அந்த இடுக்கு வழியாக அறையின் ஏர்கான் காற்று கீழ்த்தட்டில் போய் விழுந்துகொண்டிருந்தது.

"ஏன் அன்னிக்கே சொல்லல?" என்று ரூபேந்திரன் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"எழுதி வச்சேன் டாக்டர். படிப்பீங்கன்னு நினைச்சேன்."

"தப்பு எங்க பக்கம்தான்" என்றார் ரூபேந்திரன்.

பெட்டியைச் சரிசெய்து, தட்டுக்கு ஒரு சென்சாரும் உள்ளே காற்றைச் சுற்றவிட ஒரு விசிறியும் பொருத்தினார்கள். இந்த முறை நாற்பது எலிகள். சூடு கொடுப்பது இக்ராவின் வேலை. கட்டியை அளக்கும் பொறுப்பை ரூபேந்திரன் புஷ்பவள்ளியிடம் கொடுத்தார். எந்த எலி சூடு வாங்கியது என்று அவருக்குச் சொல்லவில்லை. எண்களின் பட்டியல் ரூபேந்திரனின் மேசைக்குள் பூட்டியிருந்தது. வாரத்தில் மூன்று நாள், அளவுகோலை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு நகர்த்தி, நீளமும் அகலமும் எழுதினார். சர்க்கியூட் பலகை பார்த்துப் பழகிய கை ஆடவில்லை.

பட்டியலைத் திறந்த காலையில் புஷ்பவள்ளியையும் கூட்டத்தில் உட்காரச் சொன்னார்கள். இக்ரா எண்களைச் சேர்த்தார். திரையில் இரண்டு கோடுகள் ஏறின. சூடு வாங்கிய எலிகளின் கோடு தாழ்வாகவே போயிற்று. கட்டி மறையவில்லை. ஆனால் தெளிவாக மெதுவாகத்தான் வளர்ந்திருந்தது. அந்தக் கட்டிகளில் அழுத்தப் புரதம் கூடியிருந்தது, காவல் செல்கள் அதிகமாக உள்ளே நுழைந்திருந்தன. இக்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். புஷ்பவள்ளி அந்தத் தாழ்ந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்த ஒவ்வொரு புள்ளியும் அவர் அளந்தது.

அந்தச் சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. கோயிலில், சந்தையில், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். அதுதான் ஒரு சனிக்கிழமை மதியம் வினையாக வந்தது.

நான்கு வீடு தள்ளி இருந்த செல்லத்துக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. புஷ்பவள்ளி குழம்பு கொண்டுபோனபோது அவர் போர்வைக்குள் சுருண்டிருந்தார். தொட்டால் நெற்றி கொதித்தது. பக்கத்தில் கிடந்த வெப்பமானியை வைத்துப் பார்த்தால் முப்பத்தெட்டே முக்கால் காட்டியது.

"எப்பருந்துக்கா காய்ச்ச?"

"காலைலருந்து. பரவால லா. நீதானே கோயில்ல சொன்ன, சூடு வந்தா கட்டி அடங்கும்னு. அதான் மாத்திரகூட போடல."

புஷ்பவள்ளி குழம்புப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "ஐயோ அக்கா, நான் சொன்னது எலிக்கு. அதுவும் கிருமி இல்லாத வெறும் சூடு, ஆறு மணி நேரம், கூடவே ஆள் நின்னு பாத்துக்கிட்டு. உங்களுக்கு கீமோல ரத்தத்துல காவல் செல்லுங்க கொறஞ்சிருக்கும். இப்ப வர்ற காய்ச்ச கிருமியால இருக்கும். உடனே பாக்கலன்னா ஆபத்து. எழுந்திரிங்க, போலாம்."

செல்லம் தயங்கினார். "திங்கக்கெழம எப்படியும் டாக்டரப் பாக்கணும்ல."

"திங்கக்கெழம வரைக்கும் காத்திருக்கக் கூடாதுக்கா. இப்பவே."

இருபது நிமிடத்தில் மருத்துவமனையில் இருந்தார்கள். வாசலிலேயே, "கீமோ நோயாளி, காய்ச்சல் முப்பத்தெட்டே முக்கால்" என்று மலாயில் சொன்னார். உடனே உள்ளே அழைத்துப் போய் ரத்தம் எடுத்து, ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. "நேரத்தோட கொண்டு வந்தீங்க" என்றார் பணியிலிருந்த மருத்துவர். ஆறு நாள் கழித்து செல்லம் வீடு திரும்பினார். சிகிச்சை தொடர்ந்தது.

திங்கட்கிழமை புஷ்பவள்ளி நேரே இக்ராவிடம் போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "தப்பா புரிஞ்சுக்கற மாதிரி நான்தான் பேசிட்டேன் டாக்டர். மாநாட்டுச் சுவர்ல மாட்ட நீங்க செய்யற ஆய்வுப் படத்துல ஒரு வரி போடணும். மலாய், இங்கிலீஷ், தமிழ்னு மூனு மொழியிலயும்."

"அது ஆய்வாளருங்க பாக்கறதுதானேக்கா?"

"போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புவாங்க. அப்ப எங்க தாமான்ல இருக்கற வீடுங்க வரைக்கும் வரும்."

இக்ரா ஒத்துக்கொண்டார். தமிழ் வரியைப் புஷ்பவள்ளியே எழுதினார்: 'இது எலிகளில் கண்டது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.'

மாநாடு ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. புஷ்பவள்ளி பச்சைப் பட்டுச் சேலையில் வந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த பெரிய ஆய்வுப் படத்தின் மேல்பகுதியில் நான்கு பெயர்கள். மூன்றாவது பெயர் அவருடையது. அவருடைய கணவர் விஜயன், சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தவர், அந்தப் பெயரை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்தார். பிறகு தள்ளி நின்று அவரையும் சேர்த்து எடுத்தார்.

பினாங்கிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் சூட்டை எப்படிச் சீராக வைத்தீர்கள் என்று ரூபேந்திரனிடம் கேட்டார்.

"இவங்களக் கேளுங்க" என்று ரூபேந்திரன் ஒதுங்கி வழிவிட்டார். "எங்க ஆய்வக் காப்பாத்தினது இவங்கதான்."

புஷ்பவள்ளி மலாயில், அவசரமில்லாமல், கால் மணி நேரம் விளக்கினார். பேராசிரியர் குறிப்பெடுத்துக்கொண்டார். கடைசியில் அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, அடுத்த மாதம் தன் ஆய்வுக்கூடத்துப் பெட்டிகளை வந்து பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"எலி அறைல என் வேலைய யாராச்சும் பாத்துக்கணும். டாக்டர் லீவு கொடுத்தா வர்றேன்" என்றார் புஷ்பவள்ளி.

"எத்தன நாள் வேணும்?" என்று கேட்டார் ரூபேந்திரன்.