ஆமத்தூருக்கு மாற்றப்பட்ட டிரைவர்

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ஆட்களை ஏற்றி வரும் வேன் டிரைவர்களுக்குக் கம்பெனி போன் உண்டு. எந்த ஸ்டாப், எத்தனை மணி, யார் யார் ஏறுவார்கள் என்று அதில் காட்டும். எந்தப் போனுக்கு எந்த ரூட் என்பதை நான்தான் ஏபிஐ வழியாக அனுப்புவேன். அதாவது, நான் எழுதும் கட்டளையை இணையத்தில் இருக்கும் சர்வர் வாங்கிக்கொள்ளும். அதற்கு ஒரு குணம். ஒரு போனை மட்டும் மாற்றி அனுப்பினால் மற்ற போன்களுக்கு ஒதுக்கியதெல்லாம் அழிந்துவிடும். ஒரு ஆளை மாற்றவும் எல்லோரையும் எழுதி அனுப்ப வேண்டும்.

ஒரு நாள் ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேலைக்கு வரும் அக்கா ஒருவர் என் மேசைக்கு வந்தார். அவர் வரும் வேனை ஓட்டுவது அவருடைய கணவர்.

"அந்த ஆளு வண்டியில நான் வர மாட்டேம்மா. வேற டிரைவரப் போடுங்க."

"என்னக்கா ஆச்சு?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, எம் மகள அவரு அக்கா மகனுக்குக் கட்டித் தாரேன்னு சொல்லிட்டு வந்திருக்காரு. புள்ள இன்னும் காலேசு முடிக்கல."

மேனேஜரிடம் சொன்னேன். "கம்ப்யூட்டர்லதான மாத்தணும்? மாத்திருங்க" என்றார். குடும்பப் பிரச்சினை அதோடு தீர்ந்தது என்பது அவர் எண்ணம்.

ஆலைக்குள் போன் கூடாது என்பதால் வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் போனைத் திரும்ப வாங்கியதும் கணவர் நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், இதுல ஆமத்தூர்னு காட்டுது."

"நாளையில இருந்து நீங்க ஆமத்தூர் ரூட்டுண்ணே."

"அவ சொன்னாளா?"

"மேனேஜர் மாத்தச் சொன்னாக."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி" என்று போய்விட்டார்.

அந்த வாரமே இரண்டு புகார்கள் வந்தன. புது டிரைவர் எல்லா ஸ்டாப்பிலும் ஆளுக்காகக் காத்து நிற்கிறார், லேட்டாகிறது என்று ஆமத்தூர்ப் பெண்கள் சொன்னார்கள். ஏழாயிரம்பண்ணைக்குப் போன டிரைவரோ போன் காட்டும் நேரத்துக்கு வண்டியை எடுத்துவிடுவார். அக்கா வேனைத் தவறவிட்டு, டவுன் பஸ்ஸில் வந்து, அரைநாள் சம்பளத்தை இழந்தார்.

மறுநாள் மறுபடியும் என் மேசைக்கு வந்தார்.

"பழையபடி மாத்தி விட்டுரும்மா."

"மக விசயம் என்னக்கா?"

"படிப்பு முடியட்டும், பெறகு அவ இஷ்டம்னு அவுகளே அவுக அக்காகிட்டச் சொல்லிட்டாக. நேத்துத்தான் போய்ட்டு வந்தாக."

எல்லா வேன்களையும் மறுபடி எழுதி அனுப்பினேன். மாற்றத்துக்கு என்ன காரணம் என்று சர்வர் கேட்டது. அந்த இடத்தைக் காலியாக விட முடியாது. 'நிர்வாகக் காரணம்' என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது.

இரண்டொரு நாள் கழித்துக் கணவர் வந்தார். ஏழாயிரம்பண்ணை ஸ்டாப்பில் நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட முடியுமா என்று கேட்டார்.

"எதுக்குண்ணே?"

"அங்கன கூட்டம் ஜாஸ்தி மேடம்."

பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்த ஸ்டாப்பில் அக்காவோடு சேர்த்து மூன்று பேர்தான்.

"ஆமாண்ணே, ஜாஸ்திதான்" என்று நேரத்தைக் கூட்டினேன்.