மூளைக்கு மார்க் போடுகிறவன்

மூளைக்கு மார்க் போடுவது என் தொழில். போட்ட கையோடு வாங்கிக் கட்டிக்கொள்வதும் அதில் சேர்த்தி. தலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு ஞாபகம், கவனம், யோசனை எல்லாம் எப்படி இருக்கிறது என்று பெரம்பலூரில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். விடைத்தாள் திருத்தி ஏச்சு வாங்கிய வாத்தியார்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

ஒரு நிமிஷம், எத்தனை மிருகம்?

குரும்பலூர் ஆட்டு வியாபாரி அக்கா ஒருவர், வண்டியிலிருந்து விழுந்து வந்திருந்தார். ஒரு நிமிஷத்துக்குள் தெரிந்த மிருகங்களையெல்லாம் சொல்லச் சொன்னேன். வெள்ளாடு, செம்மறி, கிடா, பெட்டை, சினை ஆடு, பல்லு போட்டது என்று மூச்சு விடாமல் அடுக்கினார். என் புத்தகப்படி அத்தனையும் ஆடுதான், ஒரே மார்க். சிங்கம், புலி ஏதாவது சொல்லக்கூடாதா என்று கெஞ்சினேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சிங்கத்த யாருங்க வாங்குறா?"

பழமொழிக்கு முட்டை

அடுத்தவர் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அண்ணன். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். யோசிக்காமல் எதிலும் இறங்காதே என்று சொன்னால் முழு மார்க். அவரோ பழைய குழியில் தண்ணீர் நிற்கிற கதையை ஆரம்பித்தார். உள்ளர்த்தம் பிடிபடவில்லை, யோசனையில் கோளாறு என்று முட்டை போட்டேன். மனுஷன் எட்டிப் பார்த்துவிட்டார்.

"உள்ள போன டிப்பர நாலு நாளா தூக்குனோம் சார். இதுக்கு மேல என்ன அர்த்தம் வேணும்?"

எல்லாம் நார்மல்

என் தூக்கத்தைக் கெடுத்தவர் இவர்தான். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். கும்பகோணமோ விருத்தாசலமோ, அத்தனை பஸ் நேரத்தையும் சீட்டு பார்க்காமல் சொல்வாராம். பைக்கில் அடிபட்டபின் மனைவி கூட்டிவந்தார். நான் குறை இருக்கிறது என்று எழுதினால் முதலாளி மூன்று மாதம் லீவு தருவார். இல்லையென்றால் திங்கட்கிழமையே வேலைக்குப் போகணும். அங்கே நேரம் தப்பினால் வேலை போச்சு.

எல்லாத் தேர்விலும் ஊரில் நாலு பேர் எடுக்கிற மார்க் எடுத்தார். சந்தோஷமாக 'நார்மல்' என்று எழுதினேன். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தம்மா மட்டும் என்னைக் கையெழுத்துப் போட விடவில்லை.

"ஊருக்கு இது போதும் சார். இவருக்கு இது பத்தாது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மாடியில் இருந்தவர் தரைக்கு வந்திருக்கிறார், நான் தரையில் நிற்கிறாரே என்று பாராட்டியிருக்கிறேன். ரிப்போர்ட்டைக் கிழித்துப்போட்டு, இவருக்கு இது இறக்கம், மூன்று மாதம் ஓய்வும் பயிற்சியும் வேண்டும் என்று எழுதினேன்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் கூட வந்தவரிடம் பேசிவிடுகிறேன். அவர்களுக்கு மார்க் போடுகிற வேலை இல்லாததால் உள்ளதைச் சொல்கிறார்கள்.