கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது

திம்புள்ளப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறு மாலைகளில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் யாராவது ஒருவர் வீட்டில் கூடும் ஜெபக்கூட்டத்தை நடத்துவது நான். வாரம் முழுக்க ஹட்டனில் கடை வேலை பார்ப்பவனுக்கு அந்தப் பொறுப்பு கிடைத்ததற்கு ஒரே காரணம், உலகத்து ராஜாக்களில் தொடங்கி மூச்சு விடாமல் ஜெபிக்கத் தெரியும் என்பதுதான். கடைசி ஜெபத்தை நான் தொடங்கும்போது வீட்டுக்காரம்மா தேநீருக்காக அடுப்பில் கேத்தலை வைப்பார். ஆமென் சொல்லும்போது தண்ணீர் கொதித்திருக்கும். விறகு ஈரமாக இருந்தாலும் கொதித்திருக்கும்.

இன்னொரு திறமையும் உண்டு. நேரில் சொல்லப் பயமான திட்டுகளையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லிவிடுவேன். உரியவருக்குச் சுருக்கென்று தைக்கும். ஜெபத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது.

ஒரு ஞாயிறு, கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் வெகுநேரம் கழித்து வந்து வாசலோரம் உட்கார்ந்தார். போன வாரமும் அப்படித்தான். விடுவேனா நான்? பாட்டு முடிந்ததும் ஒரு சின்ன ஜெபம் வைத்தேன்.

"ஆண்டவரே, உம்முடைய சமுகத்துக்கு வாரா வாரம் பிந்தி வர்ற பிள்ளைகளுக்கு நேரத்தோட அருமைய உணர்த்தும்."

என் கடைசி ஜெபத்துக்கு முன் யாராவது ஒருவரைச் சின்னதாக ஜெபிக்க விடுவேன். அன்று அவர் முந்திக்கொண்டார்.

"ஆண்டவரே, அண்ணன் சொன்னது உமக்கும் கேட்டிருக்கும். எங்க வீட்டுக்காரரு மலையில வழுக்கி விழுந்து, காலு ஒடஞ்சு, ரெண்டு வாரமா நுவரெலியா ஆஸ்பத்திரில கெடக்குறாரு. பாத்துட்டு, நானுஓயாவுல பஸ் மாறி வர இந்நேரம் ஆயிருது. நாளைக்கு ஆப்பரேசன். அண்ணன் ஒலகத்து ராஜாக்களுக்கெல்லாம் ஜெபிக்கிறாரே, இவருக்கும் ஒரு வார்த்த சொல்லுவாருன்னுதான் ஓடியாந்தேன். ஆமென்."

கண்ணைத் திறந்தேன். எல்லாரும் ஏற்கெனவே திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டமே அறிந்த செய்தி. எனக்குத் தெரியாது. கூட்டத்தில் நான் யாரையாவது பேசவிட்டால்தானே?

"இப்ப ஜெபிங்க தம்பி, பாப்பம்" என்றார் மூலையிலிருந்த பெரியவர்.

ராஜாக்கள் யாரும் உதவிக்கு வரவில்லை. "மன்னிச்சிரும்மா" என்றேன். "என்ன கேக்கணும், நீயே சொல்லு."

"காலு கூடணும்ண்ணே. பயப்படாம இருக்கணும். வேறொண்ணும் வேணாம்."

"ஆண்டவரே, அந்தக் காலு கூடட்டும். அவரு பயப்படாம இருக்கட்டும். நான் திட்டினத மன்னியும். ஆமென்."

எல்லாரும் கண்ணை மூடியே இருந்தார்கள். இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள் போல.

"என்னண்ணே, கேத்தலு இன்னும் சூடே ஏறலயே" என்றார் வீட்டுக்காரம்மா.

தண்ணீர் கொதிக்கும்வரை சும்மா இருக்க முடியாதே. மற்றவர்களிடமும் கேட்டேன். ஒருவருக்கு மகளின் பரீட்சை, ஒருவருக்குக் கூரை ஒழுக்கு, பெரியவருக்குத் தூக்கம் வருவதில்லை. இத்தனை நாள் இவர்களுக்காகத்தான் ஜெபித்தேனாம். அன்றிலிருந்து கேட்பது முதலில், ஜெபம் பிறகு.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு அந்தத் தம்பதி வந்தார்கள். அவர் கைத்தடியை ஊன்றி, லயத்துப் படிகளை ஒவ்வொன்றாக ஏறினார். அரைமணி நேரம் பிந்திவிட்டது. நாங்கள் தொடங்கவில்லை.

"மெதுவா வாங்க மச்சான், தண்ணி இன்னும் கொதிக்கல" என்று வாசலிலிருந்து சொன்னேன்.

கேத்தல் அதற்குள் இரண்டு தரம் கொதித்து இறங்கியிருந்தது.