அப்பா கட்டிய பூப்பொட்டலங்கள்

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் பெறும் உறவினர்களுக்கும், அப்பாவுடன் பட்டறையில் நின்ற நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இலக்கியம் படித்தவள் என்பதால் எழுதும் பொறுப்பை அம்மாவின் அண்ணனான என் மாமா என்னிடம் கொடுத்தார். "நாலு பக்கம் நல்லதா எழுது அம்மணி, ஆரையும் அழுக வெச்சராத" என்றார். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அழுவதற்கு எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் தெம்பில்லை. அழுகை முடிந்த பிறகு உடலில் தங்கிவிடுகிற களைப்போடுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கருமத்தம்பட்டிக்கு வடக்கே ஒரு தோட்டத்துச் சாளை வீட்டில். அவருக்குப் பத்து வயதானபோது கிணறு வற்றியது. புதுக் கிணறு எங்கே வெட்டுவது என்று குலதெய்வத்திடம் பூக் கேட்டார்கள். அந்த வழக்கம் உறவினர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளை அரளி ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் தனித்தனித் தாளில் மடித்து அம்மன் முன் வைப்பார்கள். ஒரு குழந்தை அவற்றில் ஒன்றை எடுத்துத் தரும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. அன்று வெள்ளை வந்தது. வெட்டிய இடத்தில் பாறைதான் இருந்தது. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் வேறு வேறு இடத்துக்குக் கேட்டார்கள். மூன்று முறையும் வெள்ளை. மூன்று முறையும் பாறை. தோட்டம் கைவிட்டுப் போயிற்று. குடும்பம் கோவைக்கு வந்தது. அப்பா படிப்பை நிறுத்திவிட்டுக் கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்தத் தொழிலில்தான் இருந்தார்.

சாமி பொய் சொன்னது என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. "பொய் சொல்றதுக்கு அங்க ஆராவது இருந்தாங்களான்னே எனக்குத் தெரியலைங்க" என்பார். சொல்லிவிட்டு, ஏதோ தன் பிழையைச் சொன்னவர்போலத் தலையைக் குனிந்துகொள்வார். கோவிலுக்குப் போகும் அம்மாவை அவர் தடுத்ததில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வண்டியில் அழைத்துச் சென்று, வெளியே வண்டியருகே நின்று, திரும்ப அழைத்து வருவார்.

ஆயினும் எங்கள் உறவில் எவர் பூக் கேட்டாலும் பொட்டலம் மடித்தவர் அப்பாதான். இதைத் தொடங்கி வைத்தவர் மாமா. "நாமெல்லாம் கட்டுனா நம்ம ஆசை கையில வந்துரும். மாப்பிள்ளைக்கு நம்பிக்கையே கெடையாது, அவரு கட்டுனாக் கள்ளம் இருக்காது" என்றார். அப்பா சிரித்தபடி, "மச்சான் எனக்குக் குடுக்கற ஒரே நற்சான்று இதுதானுங்" என்றார். நூலளவு பிசகாமல் இரும்பைக் கடைந்த கைகள் அவை. அவர் மடித்த இரண்டு பொட்டலங்களில் எது எது என்று மடித்த அவராலும் பிறகு சொல்ல முடியாது. பெண் பார்க்க, வீடு கட்ட, தொழில் தொடங்க என்று இங்கே பலருக்கு அவர் மடித்துக் கொடுத்திருக்கிறார்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது தமிழ் இலக்கியம் படிக்க விரும்பினேன். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "இத்தன மார்க்க வாங்கிப்போட்டுத் தமிழ் படிக்கறேங்குது. படிச்சுப்போட்டுப் பட்டிமன்றத்துக்கா போகோணும்?" என்றார். அம்மாவுக்கும் அச்சம். "அம்மங்கிட்டக் கேட்டுப்போடலாங்ண்ணா. உத்தரவு குடுத்தாச் சேத்தலாம், இல்லீன்னா விட்டரலாம்" என்றார். அப்பாவே பொட்டலங்களை மடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொட்டலங்களோடு புறப்பட்டார். கோவிலுக்கு வந்திருந்த ஒரு சிறுமி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை. அம்மா கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். "அம்மனே சொல்லிப்போட்டா, அப்பறம் நானாரு?" என்று மாமா என் தலையில் கைவைத்தார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிப்பது வழக்கமில்லை. அதை அப்பா சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் அவர் வண்டியருகே நிற்கவில்லை. உள்ளே வந்து, கடைசித் தூணுக்குப் பக்கத்தில், கைகூப்பாமல் நின்றார். ஆறு ஆண்டுகள் அப்படி நின்றார். "உங்கூட்டுக்காரருக்கும் சாமி நெனப்பு வந்துருச்சாட்ட இருக்குது" என்று உறவுப் பெண்கள் கேலி செய்தபோது அம்மா மகிழ்ந்துதான் போனார். அப்பாவின் முகத்தில் மகிழ்ச்சியை நான் பார்க்கவில்லை. வயதின் சோர்வு என்று எண்ணிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அவருக்குக் குடலில் கட்டி இருப்பது தெரியவந்தது. அறுவைச் சிகிச்சை செய்தால் சில ஆண்டுகள் கிடைக்கலாம். ஆனால் இதயம் பலவீனமாக இருப்பதால் அறுவை மேசையிலேயே உயிர் போகவும் கூடும். செய்யாவிட்டால் சில மாதங்கள். முடிவைக் குடும்பமே சொல்லவேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். அம்மாவால் முடியவில்லை. சோறு வடிக்கையில் பாதியில் நின்றுவிடுவார். பிறகு ஒருநாள், "ஏனுங்க, பூக் கேட்டுப்போடலாங்க" என்றார். அப்பா உடனே தலையசைத்தார். ஆனால் தான் மடிக்க மாட்டேன் என்றார். "அம்மணி மடிக்கட்டும்."

காலை வெயிலில் கூடத்தில் உட்கார்ந்து நான் தாளை வெட்டினேன். அப்பா கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பூப்பறிக்கப் போயிருந்தார்.

"ஓரம் கோணுது பாரு" என்றார்.

"நீங்களே மடிச்சிருக்கலாமுங்கப்பா."

"எனக்கு அந்த யோக்கியதை போயிருச்சு." சற்று மூச்சு வாங்கிக்கொண்டார். "உம் படிப்புக்குக் கேட்டமல்ல, அன்னிக்கு ரெண்டுலயும் வெள்ளதான் வெச்சேன்."

கத்தரியைக் கீழே வைத்தேன்.

"எனக்கு நம்பிக்கை இல்லைங்கறது வேற. உங்கம்மா நம்பிக்கையில நான் கைய வெச்சது வேற. அவ கண்ண மூடி நின்னா பாரு, அப்பத்தான் தெரிஞ்சுது, களவாண்டுட்டேன்னு."

"அதுக்குத்தான் உள்ள வந்து நின்னீங்களா?"

"கும்புடலை அம்மணி. மன்னிப்புக் கேக்கறதுக்கு அங்க ஆராவது இருக்கறாங்களான்னு பாத்தேன்."

இருந்தார்களா என்று கேட்டேன். "நிக்கறப்ப இருக்கறாப்பல இருக்குது. ஊட்டுக்கு வந்தா இல்லாதாப்பல இருக்குது. ரெண்டுல எது நெசம்னு இன்னும் புடிபடலை" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். நான் என்ன நினைத்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். வெள்ளையே இரண்டு வைத்தால் அம்மா அறுவைக்குச் சம்மதிப்பார். அப்பா இன்னும் சில ஆண்டுகள் இருக்கவும் கூடும். "வேண்டாம். ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு. அவ கேக்கறதுக்கு ஒருக்காவாச்சும் நெசமாப் பதில் வரட்டும்" என்றார்.

அப்படியே மடித்தேன். சிவப்பு வந்தது.

அறுவை செய்யவில்லை. அம்மா அமைதியாக அதை ஏற்றுக்கொண்டார். எடுக்காத பொட்டலத்தை அப்பா செய்ததுபோலவே நானும் எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். மூன்று மாதங்கள் அப்பா இருந்தார். நடக்க முடிந்தவரை வெள்ளிக்கிழமைகளில் அதே தூணருகே நின்றார். நடக்க இயலாமல் போனபின் வீட்டிலிருந்தபடி, "அந்தத் தூணு இன்னிக்குச் சும்மாதான் இருக்குமல்ல" என்று கேட்டுக்கொண்டார். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது, போதும் என்று கைகாட்டினார். பிறகு கண்ணைத் திறக்கவில்லை.

வேறு விதமாக மடித்திருந்தால் என்ற கேள்வியோடு நான் ஓராண்டாக எழுந்து ஓராண்டாகப் படுக்கிறேன். விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு அப்பாவிடமிருந்த நேர்மை எனக்கு வருமானால் அதுவே போதும்.

மருத்துவமனைக்கு அலைந்த மாமாவுக்கும், முறை வைத்து வந்து உடனிருந்த பட்டறை நண்பர்களுக்கும், மூன்று மாதமும் எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டு அத்தைக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடைசி நன்றி அம்மாவுக்கு. அவர் அறியாத ஒன்றை அச்சில் அவர் படிக்கக் கூடாது என்பதால், இக்கட்டுரையை அச்சகத்துக்கு அனுப்பும் முன் எல்லாவற்றையும் சொன்னேன். அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். ஆய்ந்து முடித்து முறத்தைத் தள்ளி வைத்தார்.

"அப்ப உம் படிப்புக்கு நான் அம்மங்கிட்டக் கேக்கவே இல்லை."

"இல்லைங்கம்மா."

"ரெண்டாவது தடவை?"

"அது நெசம்தானுங்கம்மா. ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு."

அவர் என்னையே பார்த்தார். இத்தனை ஆண்டு நம்பிக்கைக்குப் பின் முதல்முறையாக அம்மா சந்தேகப்பட்டதை நான் கண்டேன். எழுந்து போய் என் பையிலிருந்து, அன்று எடுக்காமல் விட்ட அந்தப் பொட்டலத்தை எடுத்து வந்து கொடுத்தேன். நான் சொன்னது உண்மையானால் உள்ளே வெள்ளைதான் இருக்கவேண்டும். மெல்லப் பிரித்தார். உள்ளே சருகாகிப் பழுப்பேறிய ஒரு பூ. எந்த நிறத்தில் பூத்தது என்று எவராலும் சொல்ல முடியாத பூ.

அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளதானுங்கம்மா" என்றேன்.

"நீ சொன்னாச் செரி கண்ணு" என்றார். பூவைத் தாளின் மேல் வைத்துவிட்டு, "எழுதிக்க. அண்ணன் படிச்சாச் சத்தம் போடும். போடட்டும்" என்றார். பிறகு அந்தப் பூவை, அப்பா மடிப்பதுபோலவே, ஓரம் கோணாமல் மடித்து வைத்தார்.