பட்டுச் செக்ஷனில் ஒரு மனோதத்துவ நிபுணர்

என் மகள் அடையாறில் ஒரு காலேஜில் சைக்காலஜி மூன்றாம் வருஷம் படிக்கிறாள். ஃபீஸ் கட்டுவது நான். வீட்டில் அவளுக்குப் பரிசோதனை எலியும் நானேதான். இரண்டுக்கும் சேர்த்து எனக்கு இதுவரை ஒரு தேங்க்ஸ்கூட வந்ததில்லை.

நான் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பட்டுச் செக்ஷனில், இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கடை முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். அவருக்கும் எனக்கும் ஒரே ஊர்ப் பக்கம், திருநெல்வேலி. அவர் என்னை மெட்ராஸுக்குக் கூட்டிவந்தபோது எனக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. இப்போது அது நரைத்து, டை அடித்து, அடித்த டையும் வெளுத்துவிட்டது.

இத்தனை வருஷமாக மெத்தைமேல் சம்மணம் போட்டு நான் செய்ததற்கெல்லாம் இங்கிலீஷில் பெயர் இருக்கிறதாம். மகள் சொல்லித்தான் தெரிந்தது. வந்தவுடன் அவர்கள் வாங்கவே முடியாத ஒரு புடவையை முதலில் விரித்துக் காட்டுவேன், அடுத்தது தானாகவே மலிவாகத் தெரியும். அது ஆங்கரிங். அடியில் அதே மாதிரி பதினொன்று இருக்க, "இந்த டிசைன்ல இது ஒண்ணுதாம்மா மிச்சம்" என்பேன். அது ஸ்கேர்சிட்டி. கேட்காமலே நாற்பது புடவையை விரித்துப் போட்டால், இந்த மனுஷனை இவ்வளவு பாடு படுத்திவிட்டு வெறுங்கையோடு எழுந்து போவதா என்று அந்த அம்மாவுக்கே வெட்கமாகிவிடும். அதற்கும் ஏதோ பெயர் சொன்னாள், எனக்கு வாயில் நுழையவில்லை. வீட்டுக்காரரை ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து, கையில் ஒரு கூல்டிரிங்க்கைக் கொடுத்து வாயை அடைப்பதற்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லையாம். படித்தவர்கள் இவ்வளவு முக்கியமான விஷயத்தை எப்படி விட்டார்கள் என்று தெரியவில்லை.

ஆனால் தொழிலின் உயிர்நாடி வேறு. எந்தக் காரணம் கொண்டும் "வேணுமா?" என்று கேட்கக் கூடாது. "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்பது அதைவிட மோசம்; கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள், யோசிப்பவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். இரண்டு புடவையை இரண்டு கையில் தூக்கிப் பிடித்து, "மாம்பழ மஞ்சளா, மயில்கழுத்தா?" என்று கேட்க வேண்டும். வாங்குவதா வேண்டாமா என்கிற கேள்வி அங்கேயே செத்துப்போகும். புதிதாகச் சேருகிற ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அதில் எனக்குப் பெருமையும் கொஞ்சம் உண்டு.

இந்தத் திறமை என் வீட்டில் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

எனக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. மந்தைவெளியில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்துக்கொண்டே, பால்காரனுக்கு ஏதோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"கோவில்பட்டில எங்க அண்ணன் புது வீடு கட்டி முடிச்சாச்சுல்லா. மாடியில ஒரு ரூம் எனக்குன்னு சொல்லுதான். இவ பரீட்சை முடிஞ்சதும் நான் அங்க போயிருதேன்."

"எத்தனை நாளைக்கு?"

"திரும்பி வாரதா இல்ல."

பேப்பரைக் கீழே வைத்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்குத் தெரியும். மூன்று நிமிஷத்தில் மனசைப் படிக்கிறவன் என்று கடையில் எனக்குப் பெயர்.

"ஏன், நமக்குள்ள என்ன சண்டை?"

"சண்டை போடணும்னாலும் ரெண்டு வார்த்தை பேசணும்லா. நீங்க பேசுததே சாப்பாடு, கரண்ட் பில்லு, அவ காலேஜு, இவ்வளவுதான். அவளும் வேலைன்னு போயிட்டா, நான் இந்தச் சுவத்தோடயா பேசுவேன்?"

இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவள். ஒரு நல்ல மனுஷன் அந்த இடத்தில் போகாதே என்று சொல்லியிருப்பான். கொஞ்சம் கெட்டவன் கத்தியிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பஸ்ஸா, ரயிலா?"

அவள் வெங்காயத்தை நிறுத்திவிட்டு யோசித்தாள். "ரயிலு," என்றாள்.

"லோயர் பெர்த்தா, சைடு லோயரா?"

"லோயர்."

வியாபாரம் முடிந்தது. இருபத்தைந்து வருஷத்தில் இவ்வளவு சீக்கிரம் எந்த கஸ்டமரையும் நான் மடக்கியதில்லை. பில் போட்டுப் பையில் வைத்துக் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி. பாத்ரூம் வாசலில் வாயில் பிரஷ்ஷோடு நின்ற மகள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அவள் எனக்கு வகுப்பெடுத்தாள். பயந்துபோனால் மனுஷனுக்கு யோசனை வராதாம், பழகினதுதான் கைக்கும் வாய்க்கும் வருமாம். "உங்களுக்கு பயம் வந்துச்சுப்பா. பயம் வந்ததும் வேலை பார்க்க ஆரம்பிச்சுட்டீங்க," என்றாள். நல்லவேளை, நான் டிராஃபிக் போலீஸாக இல்லை. கையைக் காட்டி வழிவிட்டிருப்பேன்.

மகளுக்கு அந்த மாதம் ஒரு ப்ராஜெக்ட் இருந்தது. மனிதர்கள் கூடுகிற ஓர் இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து, அவர்கள் நடந்துகொள்வதைப் பார்த்து எழுத வேண்டும். அண்ணாச்சியிடம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை, என் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். நான் அன்று கொடுத்த பர்ஃபார்மன்ஸுக்கு எனக்கு மெடல் கொடுத்திருக்க வேண்டும். நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் விற்கிற ஓர் அம்மா மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வந்தார். கடல் நிலவரத்திலிருந்து மாப்பிள்ளை குணம்வரை விசாரித்து, அவர் கண்ணில் தண்ணி வரச் சிரிக்கவைத்து, ஒன்றுக்கு வந்தவரை மூன்று எடுக்கவைத்து அனுப்பினேன். போகும்போது, "நீ நல்லா இருக்கணும் நைனா" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

மதியம் பனகல் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து மகள் எழுதியதைப் படிக்கச் சொன்னேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

அவள் படித்தாள். "இந்த விற்பனையாளர் வருகிறவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். குழந்தைகளின் பெயரைக் கேட்கிறார், கேட்ட பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார். அவர்கள் பேசும்போது குறுக்கே பேசுவதில்லை. நிறையச் சிரிக்கிறார். இப்படி ஒருவரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை."

"அதென்ன, பார்த்ததில்லைன்னா?"

"பார்த்ததில்லைப்பா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "காலையிலேருந்து கடை சாத்துற வரைக்கும் தொண்டை கிழியப் பேசிட்டு வர்றவனுக்கு வீட்டுலயும் பேச வாயில எச்சில் இருக்குமா? நீ இந்த நோட்டும் பேனாவும் வாங்கினதே அந்தப் பேச்சுலதான்," என்றேன். பக்கத்து பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார்.

அவள் கோபப்படவில்லை. இதுதான் சைக்காலஜி படித்தவர்களிடம் எனக்குப் பிடிக்காதது. "சிரிக்கிறதே வேலையாயிட்டா, வேலை முடிஞ்சதும் சிரிப்பும் முடிஞ்சுடும்னு எங்க பாடத்துலயே இருக்குப்பா. அது உங்க தப்பு மட்டும் இல்ல," என்றாள். அந்த 'மட்டும்' என் காதில் விழாமல் இல்லை.

சரி, கெட்டுப்போனது எதுவோ அதைச் சரிபண்ணிவிடலாம் என்று மறுநாளே இறங்கினேன். சாப்பிடும்போது கவுண்டர் சிரிப்பு ஒன்றை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டு, "இன்னைக்கு ரசம் பிரமாதம்," என்றேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "என்னங்க, காய்ச்சல் அடிக்கா?" என்றாள். கடையில் எடுபடுகிற சரக்கு வீட்டில் ஏன் எடுபடவில்லை என்று அன்றைக்கு முழுக்க மண்டையைக் குடைந்தது. அவள் இரும்புப் பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். வேலை செய்கிறவர்களின் குடும்பம் மாடி ஏறி வந்து கவுண்டரில் உட்கார்ந்து வாங்குவதில்லை. வரக் கூடாது என்று எழுதி ஒன்றும் வைக்கவில்லை, ஆனால் யாரும் வந்ததில்லை. ஆடி மாதத்துக்கு முன்னால் குடோனில் எங்களுக்கென்று ஒரு கட்டு பிரிப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மாதக்கணக்கில் தொங்கி ஒரு பக்கம் வெளுத்தது, மடிப்பில் கோடு விழுந்தது, யாருமே தொடாத கலர். அதில் பொறுக்கிக்கொண்டுபோய் மனைவியிடம் கொடுப்போம். இருபத்திரண்டு வருஷமும் என் மனைவி அதைத்தான் கட்டினாள். நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. நன்றாக இல்லை என்று அவளும் சொன்னதில்லை. கடையில் யாரும் இதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

அப்படிப்பட்டவள், ஏப்ரல் மாசத்து மத்தியானம் ஒன்றில், கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கடைக்கு வந்துவிட்டாள். பக்கத்துச் செக்ஷன்காரன்தான் முதலில் பார்த்தான். "இன்னா மச்சி, அண்ணி வந்துகினு கீறாங்க, படிக்கட்டாண்ட பாரு," என்றான். நான் நம்பவில்லை. நிமிர்ந்தபோது அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கட்டுத மாதிரி ஒரு பட்டுப் புடவை காட்டுங்க," என்றாள்.

எதிரே சூப்பர்வைசர் நிற்கிறார். வந்தவர்களுக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். முதல் இரண்டு புடவையை விலையை மட்டும் சொல்லி விரித்தேன். மூன்றாவதுக்கு வரும்போது வாய் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. இந்த ஜரிகை எங்கே இழுத்தது, இந்தக் கரையை நெய்ய எத்தனை நாள், இதை எடுத்துப்போன மயிலாப்பூர் மாமி ஒருத்தர் மறுவாரமே தங்கையோடு வந்து, "ஆத்துல எல்லாரும் கேட்டுண்டே இருக்கா" என்று நின்ற கதை. அவள் சிரித்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். ஒரு புடவையை அவள் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். அந்தத் தோளைத் தொட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. அரை மணி நேரத்தில், போன வருஷம் முழுக்கப் பேசியதைவிட அதிகம் பேசிவிட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"வாரவங்க எல்லார்கிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?" என்றாள்.

"ஆமா."

"நல்லாத்தான் பேசுதீங்க," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

என் கை பாட்டுக்கு இரண்டு புடவையைத் தூக்கிவிட்டது. "அரக்கா, இலைப் பச்சையா?" என்றேன்.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கேட்ட கேள்வி அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது. இரண்டையும் கீழே வைத்தேன். புதிதாகச் சேருகிறவர்களிடம் செத்தாலும் கேட்காதே என்று நான் சொல்லிக்கொடுப்பதை, சூப்பர்வைசர் பார்க்கப் பார்க்கக் கேட்டேன்.

"உனக்கு என்ன கலர் பிடிக்கும்?"

அவள் அலமாரியைப் பார்த்தாள். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை ஒவ்வொன்றாக, பரீட்சையில் தெரியாத கேள்வி வந்ததுபோலப் பார்த்துக்கொண்டே போனாள். பார்த்து முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது.

"தெரியலங்க," என்றாள். "நீங்க கொண்டாரதத்தான கட்டுதேன். கல்யாணத்துக்கு முன்னால ஏதோ ஒரு கலர்னா எனக்கு உசுரு. எதுன்னு இப்ப ஞாபகம் வர மாட்டேங்கு. அங்க போயிதான் யோசிச்சுப் பாக்கணும்."

எழுந்து, முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு, படியிறங்கினாள். கட்டியிருந்தது ஒரு பக்கம் வெளுத்த நாவல்பழக் கலர், நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் குடோன் கட்டிலிருந்து பொறுக்கியது.

போகாதே என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் நிச்சயம் இருந்திருப்பாள். நான் கொண்டுவந்து கொடுத்தது என்று அந்த வார்த்தையையும் வாங்கிக் கட்டிக்கொண்டு இருந்திருப்பாள். அதனால் வாயை மூடிக்கொண்டு, விரித்த புடவைகளையெல்லாம் ஒவ்வொன்றாக மடித்து வைத்தேன்.