மீதிப் பாதியைச் சக்கரம் சுற்றியது

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில் நாங்கள் சாந்தோமில், மாதா கோயில் மணி காதில் விழும் தூரத்தில் குடியிருந்தோம். என் கணவர் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு நாள் துருப்பிடித்த ஆணி அவர் இடது பாதத்தில் ஏறிவிட்டது. பெனிசிலின் எல்லாம் நம் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். சீழ் மேலே ஏறிக்கொண்டே போக, உயிரா காலா என்ற நிலைமை வந்து, முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு எல்லாமே நான்தான். படி இறங்கத் தோள் கொடுப்பேன். கொல்லைப்பக்கம் போனால் வாசலில் காத்து நிற்பேன். பூசைக்குப் போனால் கையை விடவே மாட்டேன். எனக்கு வாய் வேறு கொஞ்சம் நீளம். "இருங்க, நான் வரேன்" என்று நாள் பூராவும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் இரக்கமுள்ளவர்கள்தான். கோடை விடுமுறை முடியும்வரை அவர் இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். ஆனால் தினமும் தானாக வந்து போக முடிந்தால்தான் வேலை என்றும் சொல்லிவிட்டார்கள். கரி வாயுவில் ஓடிய அந்தக் காலத்து பஸ்ஸில் இரண்டு கால் உள்ளவர்களே தொங்கிக்கொண்டுதான் போனார்கள். தினமும் ரிக்‌ஷா வைத்தால் சம்பளம் அதற்கே சரியாகிவிடும். வேலை போய்விட்டால் அடுப்பு எரியாது. எனக்குத் தூக்கமே போய்விட்டது.

விடுமுறை முடியப் போகிற நேரத்தில் ஒரு காலை, "சைக்கிள வெளிய எடு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய சீமைச் சைக்கிள். சட்டம் கல்லு மாதிரி இருந்தது. ஆனால் சும்மா நின்றதில் உப்புக் காற்று இரண்டு சக்கரத்தையும் தின்றிருந்தது. புதிதாகச் சக்கரம் கட்ட வேண்டும். யுத்தத்தால் சீமைச் சாமான் வரத்து நின்றுபோயிருந்தது. அலைந்து திரிந்து கடைசியில் தியாகராய நகரில் ஒரு கடையைப் பிடித்தோம்.

கடைக்காரர் நல்ல மனிதர். சக்கரத்தின் நடுவில் பொருத்தப் பத்திரமாக வைத்திருந்த புது ஹப்பையும், லேசான அலுமினிய ரிம்மையும் எடுத்துக் காட்டினார். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் மட்டும் ஓடுகிற ஃப்ரீவீல் போடும் ஹப். இரண்டிலும் துளைக் கணக்கு ஒன்றாக இருந்தது, போக்ஸ் கம்பி கோத்துவிட வேண்டியதுதான். ஒற்றைக் காலுக்கு லேசான சக்கரம்தானே நல்லது என்று நான் உடனே தலையாட்டிவிட்டேன்.

இவரோ மூலையில் கிடந்த ஒரு பழைய ஹப்பைக் கேட்டார். அதில் ஃப்ரீவீல் போட முடியாது. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும், காலைச் சும்மா வைக்க முடியாது. ரிம்மும் இருப்பதிலேயே கனமான இரும்பு ரிம்தான் வேண்டுமாம்.

"இன்னா சார் நீ, புச்சு கீது, அத்த வுட்டுட்டு இந்தக் கட்டைய தூக்கினு போறேன்றியே" என்றார் கடைக்காரர்.

நான் கடை என்றும் பார்க்கவில்லை. இருக்கிற காலையும் உடைத்துக்கொள்ளவா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "ஒரு காலால பாதிச் சுத்துதான் மிதிக்க முடியும். கீழ போன பெடல மேல கொண்டுவர இன்னொரு கால் இல்ல. ஃப்ரீவீல்னா சக்கரம் மட்டும் ஓடும், என் கால் கீழயே நின்னுடும். இது அப்படி இல்ல. பாதிய நான் மிதிச்சா, மீதிப் பாதிய சக்கரமே சுத்தி என் கால மேல தூக்கிடும். ரிம் கனமா இருந்தாத்தான் அந்த ஓட்டம் அடங்காது."

கடைக்காரர் அலுமினிய ரிம்மை உள்ளே வைத்தார். மாதக்கணக்காகக் கட்டிலில் கிடந்து இவர் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. காகிதத்தில் வருகிற கணக்கெல்லாம் ரோட்டில் வருமா?

சக்கரம் கட்டி, கோட்டம் எடுத்துக் கொடுத்தார்கள். இடது பெடலைக் கழற்றிவிட்டு, ஊன்றுகோலைச் சட்டத்தில் கட்டிக்கொண்டார். விடிந்ததும் கடற்கரை ரோட்டுக்குப் போனோம். நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வண்டி தள்ளாடியது, இருவரும் மணலில் விழுந்தோம். மறுபடி ஏறினார், மறுபடியும் விழுந்தோம். நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். போதும், வீட்டுக்குப் போகலாம் என்று அழாத குறையாகச் சொன்னேன்.

அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கைய எடு. நீ புடிச்சா அதுக்கு வேகம் வராது."

காலைப் பறிகொடுத்த பிறகு அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரே ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கையை எடுத்தேன்.

அவர் மிதித்தார். பெடல் கீழே போனது. அவ்வளவுதான், விழப்போகிறார் என்று நினைத்தேன். விழவில்லை. யாரோ கீழே இருந்து ஏந்திக் கொடுத்ததுபோல அவர் முழங்கால் தானாக மேலே எழும்பி வந்தது. மறுபடி மிதித்தார், மறுபடி எழும்பியது. பிறகு மிதிப்பது எது, எழும்புவது எது என்றே தெரியவில்லை, ஒரே ஓட்டம். நான் பாட்டுக்கு நடுரோட்டில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இன்னாமா, ஒத்தக் காலு மன்சன் பறந்துகினு போறாரு" என்று பக்கத்தில் ஒரு பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு சின்னதாகிச் சின்னதாகி மறைந்தே போனது. வெகுநேரம் கழித்து வந்தார். பிரேக்கைப் பிடித்து, ஊன்றுகோலை இடது பக்கம் ஊன்றி நின்றார். சட்டையெல்லாம் வேர்வை.

"அடையாறு பாலம் வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்றார்.

பள்ளி திறந்த அன்று வாசல் சுவரைப் பிடித்துத் தானே ஓர் உந்து உந்திக்கொண்டு தனியாகத்தான் போனார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் போனார். அருகில் இருப்பதுதான் அன்பு என்று நினைத்திருந்த நான், ஒருவர் என்னை விட்டுவிட்டுப் போனதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னது அந்த ஒரு காலையில்தான். இன்றைக்கும் யாருக்காவது கை கொடுக்க அவசரமாக ஓடினால், தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போன அந்த முதுகு கண்முன் வந்து, நான் ஓர் அடி தள்ளி நின்றுகொள்கிறேன்.